கந்தப்பன் ஊற்றிய தேத்தண்ணி

லிந்துலைக்கு மேலே மலைச்சரிவில் இருக்கிற அந்தத் தோட்டத்தில், கந்தப்பனை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டில் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் பெண்களுக்கு அவன் 'தேத்தண்ணிக்கார மாமா'. ஏதோ கடை வைத்திருக்கிறவன் என்று நினைத்துவிட வேண்டாம். ஆள் ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றால் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை. அங்கே கொழுந்து வாட்டுகிற மாடியில் கொழுந்தைப் பரப்பிக் கிளறிக்கொண்டிருப்பவன். ஆனால் ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கிற அந்த லயத்தில் விடிவதற்கு முன்னால் எழுந்து, அடுப்பு மூட்டி, மனைவிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கையில் கொடுக்கிற ஒரே ஆண்பிள்ளை அவன்தான். பக்கத்துக் காம்பராக்காரர்களுக்கு இது பெரிய எரிச்சல். ஊரில் இல்லாத பழக்கத்தைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் சண்டை மூட்டுகிறான் என்று முணுமுணுப்பார்கள். கந்தப்பனுக்கு அதைக் கேட்கக் கேட்க உச்சி குளிரும்.

அந்தப் பழக்கம் வந்த கதை அவ்வளவு பெருமைக்குரியதல்ல. கல்யாணம் முடிந்த புதிதில் கந்தப்பன் குடித்தான், நன்றாகவே குடித்தான். ஒரு தீபாவளிக்கு, போதையில் சோற்றுப் பானையைத் தூக்கி வாசலில் வீசி, தடுக்க வந்த அழகம்மாவையும் தள்ளிவிட்டான். அவள் அழவில்லை. கைக்குழந்தை சுலக்ஷனாவைத் தூக்கிக்கொண்டு உடப்புசல்லாவையில் இருக்கிற தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். காம்பரா வெறிச்சென்று ஆனதும் இவனுக்குப் புத்தி வந்தது. பஸ் மாறி மாறிப் போய் அந்த வாசலில் நின்றான். கூட்டிக்கொண்டு போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்று மைத்துனர் கேட்டார். அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது அவன் வாயில் வரவில்லை. இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை, அவனே நம்பவில்லை. திருதிருவென்று விழித்துவிட்டு, "காலையில தேத்தண்ணி நான் போட்டுத் தர்றேன்" என்றான். வாசலில் நின்ற கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அழகம்மா மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

குடி ஒரே நாளில் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, மகள் பெரிய பிள்ளையான பிறகுதான் ஒருவழியாக விட்டது. ஆனால் தேத்தண்ணி ஒரு நாளும் தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும், இரவு ஷிப்ட் முடித்து வந்தபோதும், எழுந்து ஊற்றினான். ஸ்டோரில் கொடுக்கிற தூளில், தொண்டையைப் பிடிக்கிற மாதிரி கறுப்பாகச் சாயம் இறக்கி, சீனி போட்டு ஆற்றிக் கொடுத்தால்தான் அவனுக்குப் பொழுது விடியும். சுலக்ஷனா வளர்ந்து கொழும்பில் வேலைக்குப் போய், இப்போது காம்பராவில் மிஞ்சியிருப்பது இவர்கள் இரண்டு பேரும் அந்தத் தேத்தண்ணியும்தான்.

போன வருஷம் அழகம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கூடையை மாட்டிக்கொண்டு மலையில் நாலு எட்டு ஏறுவதற்குள் நின்று இளைத்தாள். முகம் வெளுத்துப் போனது, தலை வாரினால் கையோடு முடி வந்தது. அரிசி டின்னைத் திறந்து பச்சை அரிசியை எடுத்து எடுத்து வாயில் போட்டு மென்றாள். இந்த வயதில் மசக்கையா என்று கந்தப்பன் கேலி பேசினான். அவளும் சிரித்துவிட்டு இன்னொரு பிடி அரிசியை அள்ளிக்கொண்டாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் குறைவு என்றார்கள். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, படம் பிடித்துப் பார்த்து, கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்றார்கள். மாதா மாதம் அவளுக்கு ரத்தம் ஆறாகப் போய்க்கொண்டிருந்தது என்பதும், அது தொடங்கி இரண்டு வருஷத்துக்கு மேலாகிவிட்டது என்பதும் கந்தப்பனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதுவும் அவனிடம் நேரில் யாரும் சொல்லவில்லை. உள்ளே டாக்டரிடம் அவள் சொன்னதை, கதவோரம் நின்று காதில் வாங்கிக்கொண்டான். ஒரே காம்பராவில், ஒரே பாயில் படுக்கிற மனுஷனுக்கு இரண்டு வருஷம் ஒன்றும் தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது அதைப் பற்றிக் கேட்க நினைத்தான். அது பெண்கள் சமாச்சாரம் என்று விட்டுவிட்டான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கட்டியை எடுத்தால்தான் ரத்தம் போவது நிற்கும், ரத்தம் ஏறினால்தான் கட்டியை எடுக்க முடியும். அதனால் முதலில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை ஒழுங்காக வேலை செய்தால் ஆபரேஷனுக்கு நாள் கொடுப்பார்கள், செய்யாவிட்டால் தள்ளிப் போகும். அது எவ்வளவு தூரம் தள்ளிப் போகலாம், அதுவரை அழகம்மா தாங்குவாளா என்பதுதான் கந்தப்பனுக்கு ராப்பகலாக மண்டையைக் குடைந்தது.

அதனால் மாத்திரைப் பொறுப்பை அவனே எடுத்துக்கொண்டான். தூள் டின்னுக்குப் பக்கத்திலேயே மாத்திரையை வைத்தான். விடியற்காலையில் அவள் உள்ளங்கையில் மாத்திரை, மறு கையில் தேத்தண்ணி. மாத்திரை குமட்டுகிறது என்றாள். சாயம் கூடினால் குமட்டல் அடங்கும், உடம்புக்கும் தெம்பு என்று இன்னும் ஒரு கரண்டி தூள் போட்டான். ஒரு நாள் அவள், இன்றைக்கு வெந்நீர் மட்டும் கொடுங்களேன் என்று இழுத்தாள். கந்தப்பனுக்கு முகம் தொங்கிப் போனது. இத்தனை வருஷமாகக் குடித்த தேத்தண்ணி இப்போது கசக்கிறதா என்று கேட்டுவிட்டு அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாள் அவள் மறுபேச்சில்லாமல் டம்ளரை வாங்கிக்கொண்டாள். மாத்திரையையும் டம்ளரையும் கொடுத்துவிட்டு அவன் மலை ஊற்று விழுகிற பீலியில் தண்ணீர் பிடிக்கப் போய்விடுவான். திரும்பி வரும்போது டம்ளர் காலியாக இருக்கும்.

கிளினிக் போனார்கள். ரத்தம் ஏறவில்லை. அடுத்த முறை போனபோது இன்னும் இறங்கியிருந்தது. ஆபரேஷன் தள்ளிப் போனது. மாத்திரை போடுகிறாளா என்று அவனைத்தான் கேட்டார்கள். என் கையால் கொடுக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தவனுக்கு, வழியெல்லாம் சந்தேகம் அரித்தது. அந்த வாரம் லயத்துக்குப் பின்னால் கழிவுநீர் ஓடுகிற கானில் அதே மாத்திரைகள் கொஞ்சம் ஊறிக் கிடந்ததைப் பார்த்தான். மிட்வைஃப் மிஸ் அந்த மாத்திரையைத் தோட்டத்தில் எத்தனையோ பெண்களுக்குக் கொடுக்கிறார் என்பதோ, குமட்டுகிறது என்று பாதிப் பேர் வீசிவிடுகிறார்கள் என்பதோ அவன் புத்தியில் தட்டவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கொழுந்து ஏற்ற லொறியோடு மேல்மலைக்குப் போனான். பெண்கள் கொழுந்து நிறுக்க வரிசையில் நின்றார்கள். அழகம்மா தன் முறை வந்ததும் கூடையை இறக்கினாள். இறக்கினவள் அப்படியே சரிந்து விழுந்தாள். பெண்கள் ஓடிவந்து தண்ணீர் தெளித்தார்கள். கந்தப்பனுக்கு ஒரு கணம் உயிரே போய்விட்டது. அவள் கண் திறந்ததும் அந்தப் பயமெல்லாம் கோபமாக மாறிப் பாய்ந்தது.

"கள்ளி இவ," என்றான், கணக்கப்பிள்ளை முதல் அத்தனை பேருக்கும் கேட்கும்படி. "குடுக்கிற மாத்திரையெல்லாம் கானுல வீசிட்டு, இங்க வந்து விழுறா. என் கண்ணால பாத்தேன்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அழகம்மா தரையில் உட்கார்ந்தபடி அவனைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணு அவளுக்குப் புத்தி சொல்லத் தொடங்கினாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிற புருஷன் எந்தப் பெண்ணுக்கு வாய்க்கும், அவனை இப்படி ஏய்க்கலாமா என்று. சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அழகம்மா புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

அடுத்த கிளினிக்கில் புதிதாக ஒரு டாக்டரம்மா இருந்தார். ஊர்மிளா என்று பெயர், யாழ்ப்பாணத்துப் பெண். இந்த முறை கந்தப்பன் கதவோரம் நிற்கவில்லை, உள்ளேயே போய் உட்கார்ந்தான். அவள் மாத்திரை போடுவதில்லை என்று முறையிடத்தான் போனான். அவன் வாயைத் திறப்பதற்குள் டாக்டரம்மா அழகம்மாவின் கண் இமையை இழுத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"குளிசையை என்னத்தோட குடிக்கிறனீங்கள் அம்மா?"

கந்தப்பன்தான் சொன்னான். மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், சூடாகத் தேத்தண்ணியோடு, தன் கையாலேயே ஊற்றிக் கொடுப்பதாக. சொல்லும்போது அந்தப் பழைய பெருமை குரலில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார்.

"ஐயா, தேத்தண்ணி இரும்புச்சத்தை உடம்பில சேர விடாது. அதுவும் நல்ல சாயமெண்டா சொல்லி வேலையில்லை. குளிசையில முக்கால்வாசி வீணாத்தான் போயிருக்கும்." அழகம்மா பக்கம் திரும்பினார். "உங்கட தோட்டத்து மிட்வைஃப் இதைச் சொல்லேல்லையே?"

அழகம்மா மடியில் கிடந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னாங்க," என்றாள் மெதுவாக. "மொத நாளே சொன்னாங்க."

அதற்குப் பிறகு டாக்டரம்மா நிறையப் பேசினார். தேத்தண்ணி மட்டும் காரணம் என்று நினைக்காதேங்கோ என்றார். இவ்வளவு ரத்தம் போகும்போது, வாய் வழியாகப் போகிற இரும்பு எப்படியும் ஈடுகொடுத்திருக்காது, வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் இனி நரம்பு வழியாக இரும்பை ஏற்றலாம், ரத்தப் போக்கைக் குறைக்க வேறு மருந்தும் தரலாம் என்றார். எல்லாம் நல்ல வார்த்தைதான். கந்தப்பன் காதில் ஒன்றும் ஏறவில்லை. முதல் நாளே சொன்னாங்க என்பதிலேயே அவன் நின்றுவிட்டான்.

தலவாக்கலை பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தான். பஸ் நானுஓயா தாண்டியது. வெந்நீர் மட்டும் கொடுங்களேன் என்று அவள் கேட்டதும், தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. கடைசியில் கேட்டான்.

"தெரிஞ்சும் ஏன் புள்ள குடிச்ச?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "உடப்புசல்லாவையில நீங்க எனக்குக் குடுத்த வாக்கு அது ஒண்ணுதானே. அதையும் வேணாம்னு சொல்லிட்டா, பொறகு நமக்குள்ள என்ன இருக்கும்னு பயந்துட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து, மாத்திரை ஒன்றுகூட வீசவில்லை, வெந்நீர்தான் ஒரு நாள் கேட்டுப் பார்த்தேனே என்றும் சொன்னாள். அதில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. இருந்திருந்தால் கந்தப்பனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கள்ளி என்று கத்தினபோது அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது இப்போது புரிந்தது. உண்மையைச் சொன்னால் அத்தனை பேர் முன்னால் அவன் தேத்தண்ணி சந்தி சிரிக்கும். அவனைக் காப்பாற்றத் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டாள். இந்தப் பெண்ணையா மாத்திரை வீசினவள் என்றோம் என்று அவனுக்கு அவன் மேலேயே அருவருப்பாக இருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. கண்டக்டர் பார்க்கப் போகிறான் என்று குனிந்து செருப்பைச் சரிசெய்கிற மாதிரி பாவனை பண்ணினான்.

மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போல் எழுந்தான். தண்ணீர் கொதித்தது. தூள் டின் பக்கம் போன கையை இழுத்துக்கொண்டு, வெந்நீரை மட்டும் ஆற்றிக் கொடுத்தான். இனி இந்த வீட்டில் தேத்தண்ணியே வேண்டாம் என்றும் அறிவித்தான். அழகம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாப்பாட்டோடும் மருந்தோடும்தான் சேர்க்கக் கூடாதாம், மற்ற நேரத்தில் குடிக்கலாமாம், டாக்டரம்மா சொன்னதைக் காதில் வாங்கவில்லையா என்று கேட்டாள். அவன் ஒன்றையும் காதில் வாங்கியிருக்கவில்லை.

இரும்பு ஏற்றுவதற்காக விட்டு விட்டுப் பல தடவை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. கந்தப்பன் ஒவ்வொரு முறையும் ஸ்டோரில் லீவு சொல்லிவிட்டுக் கூடப் போனான். முதல் நாள் நர்ஸ் அந்தப் போத்தலைக் கொண்டுவந்து தொங்கவிட்டபோது அவனுக்குத் திக்கென்றது. உள்ளே இருந்த மருந்து அசல் சாயத்தண்ணி நிறம். அவன் ஊற்றுகிற அதே கறுஞ்சிவப்பு. குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக அவள் கைக்குள் இறங்கியது. அழகம்மாவும் அண்ணாந்து பார்த்தாள்.

"உங்க தேத்தண்ணியத்தான் ஏத்துறாங்க போல," என்றாள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் என்னவென்று கேட்க, அழகம்மா ஒன்றுமில்லை என்று சிரித்தாள். கந்தப்பனால் சிரிக்க முடியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தப் போத்தல் காலியாகும் வரை கண்ணை எடுக்காமல் நின்றான்.

சில வாரத்தில் மாற்றம் தெரிந்தது. உதட்டில் நிறம் வந்தது. அரிசி டின் பக்கம் அவள் போவதில்லை. அடுத்த கிளினிக்கில் ரத்தம் ஏறியிருந்தது, டாக்டரம்மா சந்தோஷப்பட்டு ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்தார். அதுவரை பாரமில்லாத வேலையாக, கொஞ்ச நேரம் மட்டும் மலைக்குப் போகலாம் என்றார். சுலக்ஷனா கொழும்பிலிருந்து போனில் பேசி, ஆபரேஷனுக்கு லீவு போட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னாள். எல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருந்தது. கந்தப்பனுக்குத்தான் சோறு இறங்கவில்லை. நிறுக்கிற இடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கள்ளி என்று தான் கத்தியது காதில் ஒலித்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்தான். அவள் ஏதாவது வேலை சொல்லி அனுப்பிவிடுவாள், அவனும் தப்பித்தோம் என்று போய்விடுவான்.

ஒரு நாள் லொறி மறுபடியும் மேல்மலைக்குப் போனது. பெண்கள் வரிசையில் நின்றார்கள். அழகம்மா அரைக்கூடைக் கொழுந்தோடு, மூச்சு வாங்காமல் நடந்து வந்தாள். அம்மாக்கண்ணு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மாமா அன்னைக்குப் போட்ட சத்தத்துலதான் இவ ஒழுங்கா மாத்திரைய முழுங்கத் தொடங்கியிருக்கா," என்றாள். "பாருங்க, ஆளு எப்படித் தேறிட்டா. ஆம்பள ஒரு அதட்டுப் போட்டாத்தான் நம்ம ஆளுக கேக்குறாங்க."

எல்லாரும் கந்தப்பனைப் பார்த்துச் சிரித்தார்கள். நல்ல பெயர் தானாக வந்து மடியில் விழுந்தது. அழகம்மா மறுக்கவில்லை. குனிந்து கூடையின் கயிற்றைச் சரிசெய்தாள். சும்மா இருந்தால் போதும், கதை இப்படியே முடிந்து அவன் கௌரவமும் நிலைத்துவிடும். அவளும் அதைத்தான் விரும்புகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. அது தெரிந்ததுதான் தாங்க முடியாமல் போனது.

கந்தப்பன் லொறியிலிருந்து இறங்கினான்.

"அழகம்மா ஒரு நாளும் மாத்திரைய வீசல," என்றான். "ஒண்ணு விடாம முழுங்குனா. தேத்தண்ணியோட சேத்துப் போட்டா மருந்து உடம்புல ஒட்டாதாம். அவளுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியல. என் மனசு நோகுமேன்னு குடிச்சிருக்கா. நான் குடுத்துக் குடுத்துக் கெடுத்துட்டு, இதே எடத்துல அவளக் கள்ளின்னு சொன்னேன். தப்பு என்னோடது."

கணக்கப்பிள்ளை தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாக்கண்ணுவின் மருமகள் மெல்ல வரிசையின் பின்னால் போய் நின்றாள். கானில் கிடந்தது யாருடைய மாத்திரை என்பது இப்போது தெரிந்துவிட்டது. ஆனால் கந்தப்பனுக்கு அதெல்லாம் இனி வேண்டியதில்லை. அழகம்மாவின் கூடையை அவனே தூக்கித் தராசில் மாட்டினான்.

அன்று சாயங்காலம் அவள் வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுக்கு நேரம் இருந்தது. இப்போது தேத்தண்ணி குடிக்கலாமா, ஊற்றட்டுமா என்று பயந்து பயந்து கேட்டான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. அந்தத் தீபாவளிக்குக்கூட அவள் அழுததில்லை.

"எங்கண்ணன் வாசல்ல அன்னைக்கு அத்தனை பேரு நின்னாங்க," என்றாள். "இன்னைக்குச் சொன்னீங்களே தப்பு என்னோடதுன்னு, அதை அங்க சொல்லியிருந்தீங்கன்னா எனக்குத் தேத்தண்ணியே வேண்டியிருந்திருக்காதுங்க."

கந்தப்பன் வெறும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.